பைத்தானுக்கு 8 நொடி, சி-க்குப் பூஜ்யமா?

கேள்வி: கல்லூரியில் பைத்தான் நடத்துகிறார்கள். சீனியர்களோ, "சி படி, அதுதான் வேகம்" என்கிறார்கள். நானே சோதித்தேன். 10 கோடி தடவை கூட்டும் லூப், பைத்தானில் 8 நொடி. சி-யில் -ஓ2 போட்டு ஓட்டினால் 0.00. விடையை அச்சிடவில்லை, நேரம் மட்டும் பார்த்தேன். பைத்தானை விட்டுவிடலாமா?
– மாணவர், சுனாபட்டி, மும்பை

பதில்: தம்பி, அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததுமே சந்தேகம் வந்திருக்க வேண்டும். கூட்டிய தொகையை யாரும் கேட்கவில்லை என்று தெரிந்ததும் சி கம்பைலர் லூப்பையே தூக்கிப் போட்டுவிட்டது. பைத்தான் சொன்ன வேலையை உட்கார்ந்து செய்தது. சி செய்யவே இல்லை.

1 கோடிக்குள் எத்தனை பகா எண்கள் என்று கணக்கிட, ஒரே வழிமுறையில் இரண்டிலும் எழுதுங்கள். இரண்டும் 6,64,579 என்று காட்ட வேண்டும். அதன்பின் நாலைந்து தடவை ஓட்டி நேரம் பாருங்கள்.

சி அப்போதும் பல மடங்கு முந்தும். அதில் ஓர் 'இன்ட்' பொதுவாக 4 பைட்; கூட்டல் பிராசஸருக்கு ஒரே கட்டளை. பைத்தானில் சின்ன எண்ணுக்கே 28 பைட். ஒவ்வொரு கூட்டலிலும் "நீ எண்ணா, எழுத்தா?" என்று விசாரித்து, விடையை வைக்க இன்னொரு பெட்டி தேடும். எண் வரிசைக் கணக்கை நம்பை (NumPy) நூலகத்திடம் விட்டால் பைத்தானும் பாய்ந்து ஓடும். உள்ளே உழைப்பது பெரும்பாலும் சி தான்.

இந்த வேக வழக்கு பழசு. 1960-ல் இதே மும்பையில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், ஆர். நரசிம்மன் குழு உருவாக்கிய டிஃப்ராக் கணினிக்கு நினைவகம் 40 பிட் வீதம் 2,048 சொற்கள். மொத்தம் 10 கிலோபைட். ஒரு வாட்ஸ்அப் படத்துக்குக் காணாது. அந்தக் காலத்தில் இயந்திரக் கட்டளைகளைக் கையால் எழுதியவர்கள் கம்பைலரை எளிதில் நம்பவில்லை. அவர்களை நம்ப வைக்கத்தான் 1957-ல் ஃபோர்ட்ரான் மொழியைத் தந்த ஜான் பேக்கஸ் குழு வேகத்துக்கு அவ்வளவு மெனக்கெட்டது. உங்கள் லூப்பை விழுங்கிய கம்பைலரின் புத்தி அந்த வம்சம்தான்.

என் கதை ஒன்று. தாராவியில் ஒரு தோல் கடைக்குச் சரக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தேன், பைத்தானில். 20 நிமிடம் இழுத்தது. மொழியைத் திட்டிக்கொண்டே சி-க்கு மாற உட்கார்ந்தபோதுதான் கண்ணில் பட்டது: ஒவ்வொரு வரிக்கும் ஃபைலை மறுபடி திறந்துகொண்டிருந்தேன். மூன்று வரி மாற்றியதும் சில நொடியில் முடிந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தால் பைக்கும் நிற்கும், கைவண்டியும் நிற்கும்.

பைத்தானை விடாதீர்கள்; லூப்தான் கழுத்தை அறுக்கிறது என்று அளந்து தெரிந்தால் அந்தத் துண்டை மட்டும் சி-யில் எழுதலாம். பகா எண் சோதனை என்ன ஆயிற்று என்று எழுதுங்கள், கம்பைலர் எது, பைத்தான் எந்தப் பதிப்பு என்பதோடு.