போல்டு என்றால் எத்தனை மில்லிமீட்டர்?

போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கடையில் ‘எட்டு எம்.எம். போல்டு’ என்று தட்டில் கொட்டிக் காட்டியதும், வெளியூர்க்காரர்கள் பலர் மறுபேச்சில்லாமல் பணத்தை எடுத்துவிடுகிறார்கள். துணிச்சல்காரியை ‘போல்டான பொண்ணு’ என்றும் தடித்த எழுத்தை ‘போல்டு’ என்றும் சொல்லிப் பழகியவர்கள், ஏலக்காயிலும் அது உசத்தியைக் குறிப்பதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். போடிமெட்டுக்கு மேலும் கீழும் அந்தச் சொல் காயின் பருமனை மட்டுமே சொல்லும்.

முதலில் எத்தனை எம்.எம். என்று கேட்க வேண்டும். அக்மார்க் தரத்தில் ‘ஆலப்பி கிரீன்’ ஏலக்காய் வகையில் எக்ஸ்ட்ரா போல்டுக்கு 7 மி.மீ., போல்டுக்கு 6, சுப்பீரியருக்கு 5. சந்தையில் 8 மி.மீ. காய்க்குத்தான் மவுசு.

ஆட்கள் சறுக்குவது அடுத்த படியில். காய் பெரிதாக இருந்தும் உள்ளே அரிசி, அதாவது விதை, நிறையாமல் இருக்கலாம். கட்டப்பனை விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தேர்ந்தெடுத்த ஞள்ளானி ரகம் பரவிய பிறகு பெரிய காய் மலையில் அபூர்வமில்லை. ஆனால் அரிசி கறுக்கும் கரிங்காய்ப் பருவத்துக்கு முன்பே பறித்தால் அந்த ரகமும் சப்பையாகத்தான் உலரும். இதைக் கண்டுபிடிக்கத்தான் லிட்டர் வெயிட். ஒரு லிட்டர் படியில் காயைத் தட்டாமல், குலுக்காமல் நிரப்பி, மேலே வழித்துவிட்டு நிறுக்க வேண்டும். எக்ஸ்ட்ரா போல்டு என்றால் குறைந்தது 435 கிராம் நிற்க வேண்டும். போல்டுக்கு 415, சுப்பீரியருக்கு 385. தட்டித் தட்டி அமுக்கினால் லேசான காயும் எடை காட்டிவிடும். அதை அனுமதிக்கவே கூடாது.

நூறு கிராம் வாங்குபவர் படியைத் தேட வேண்டியதில்லை. போடியிலும் புத்தடியிலும் ஸ்பைசஸ் போர்டு மின்னணு ஏலத்தில் உட்காரும் வியாபாரிகள் மாதிரிக் காயை உள்ளங்கையில் கொட்டி நகத்தால் பிளந்து பார்ப்பார்கள். அதே வேலையைக் கடையில் நாலு காயில் செய்தால் போதும். அரிசி கறுத்து, நெருக்கமாக, பிசுபிசுப்போடு ஒட்டியிருந்தால் நல்ல காய். வெளுத்துச் சுருங்கியிருந்தால் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். தோலின் பச்சை மேல் சந்தேகம் வந்தால் ஈர வெள்ளைத் துணியில் தேய்க்க வேண்டும், சாயம் ஏற்றிய காயாக இருந்தால் துணியில் ஒட்டும்.

மிளகிலும் இதே கணக்குதான்: தலச்சேரி எக்ஸ்ட்ரா போல்டு என்றால் 4.25 மி.மீ. சல்லடையில் தங்கும் மணி. காப்பியில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். ‘மைசூர் நக்கெட்ஸ் எக்ஸ்ட்ரா போல்டு’ என்பது கொட்டையின் பருமன். கடைப் பாக்கெட்டில் வெறுமனே ‘போல்டு’ என்று போட்டிருந்தால் பெரும்பாலும் கருக வறுத்த கடுஞ்சுவை.

வீட்டுக்கு வாங்குபவர்களுக்கு ஒரு விதி. பரிசாகக் கொடுக்கவோ பிரியாணியில் முழுசாகப் போடவோ 8 மி.மீ. வாங்கலாம். பாயசத்துக்குப் பொடிக்க அது வேண்டவே வேண்டாம். அரிசி நிறைந்த 6 மி.மீ. காய் விலையும் குறைவு, மணத்திலும் சோடை போகாது. வாய் பிளந்த காய் அதைவிட மலிவு. ஆனால் வாசனை சீக்கிரம் போய்விடும் என்பதால் ஐம்பது கிராமுக்கு மேல் வாங்கக் கூடாது.