முட்டிச் சில்லைத் தொட்டுப் பாருங்கள்

பிசியோதெரபி, நர்சிங் முதலாண்டு மாணவர்களுக்கு உடற்கூறியல் எடுக்கும்போது முதல் வகுப்பில் நான் புத்தகத்தைத் திறக்கச் சொல்வதில்லை. ஒருவரை உடம்பைத் தளர்த்தி நிமிர்ந்து நிற்கச் சொல்வேன். இன்னொருவர் கீழே உட்கார்ந்து அவருடைய முட்டிச் சில்லை இரு விரலால் பிடித்து அசைக்க வேண்டும். சில்லு தாராளமாக இடமும் வலமும் நகரும். பிறகு நிற்பவர் முட்டியைக் கொஞ்சம் மடக்க வேண்டும். உடனே சில்லு இறுகிப்போகும், அசைத்தாலும் அசையாது.

நிமிர்ந்து நிற்கும்போது உடல் எடை இறங்கும் கோடு முழங்கால் மூட்டின் அச்சுக்குச் சற்று முன்னால் போகிறது. அதனால் எடையே மூட்டை நீட்டிப் பிடித்துக்கொள்கிறது; முன்தொடைத் தசையான குவாட்ரிசெப்ஸுக்கு அப்போது பெரிதாக வேலை இல்லை. முட்டியை மடக்கியதும் கோடு அச்சுக்குப் பின்னால் போய்விடுகிறது. இனி அந்தத் தசை இழுத்துப் பிடிக்காவிட்டால் ஆள் கீழே உட்கார்ந்துவிடுவார்.

சிறுவயதில் போலியோ தாக்கி அந்தத் தசை செயலிழந்தவர்களில் சிலர், ஒவ்வோர் அடிக்கும் தொடையின் முன்பக்கத்தைக் கையால் அழுத்தியபடி நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். தொடை எலும்பைப் பின்னுக்குத் தள்ளி, எடைக்கோட்டை முட்டிக்கு முன்னால் கொண்டுவருகிறார்கள். யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை அது. 2014-இல் இந்தியா போலியோ இல்லாத நாடாகச் சான்று பெற்றுவிட்டது. இன்றைய மாணவர்கள் இந்த நடையைப் பெரும்பாலும் வளர்ந்தவர்களிடம்தான் பார்க்க முடியும். பார்த்தால் கவனியுங்கள், உயிர்இயக்கவியலின் முதல் அத்தியாயம் அதில் முழுசாக இருக்கிறது.

மாணவர்கள் பெரும்பாலும் ஒரிஜின், இன்சர்ஷன், நர்வ் சப்ளை, ஆக்‌ஷன் என்று நான்கையும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறார்கள். இதில் நான்காவதை மனப்பாடம் செய்வது வீண் வேலை என்பது என் கருத்து. தசை எந்த மூட்டைக் கடக்கிறது, அச்சுக்கு எந்தப் பக்கமாகக் கடக்கிறது என்று தெரிந்தால் போதும், அதன் வேலை தானாக வந்துவிடும். முன்பக்கமாகக் கடந்தால் முழங்கை மடங்கும், முழங்கால் நீளும். அத்தோடு ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: அச்சிலிருந்து எவ்வளவு தூரம்? கதவைக் கைப்பிடிப் பக்கம் தள்ளுவதற்கும் கீல் பக்கம் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் அது. நம் தசைகள் அநேகமாக எல்லாமே கீல் பக்கத்தில் ஒட்டியிருப்பவை.

இதற்கு நான் வழக்கமாகப் போடும் கணக்கு ஊன்றுகோல் கணக்கு. இடுப்பு மூட்டுத் தேய்மானத்தோடு வருகிற பாட்டிகள் அநேகமாக வலிக்கிற பக்கத்துக் கையில்தான் கோலைப் பிடித்திருப்பார்கள். “அந்தக் கைக்கு மாத்திப் பிடிங்க பாட்டி” என்றால், “நோவு இந்தப் பக்கம்ல இருக்கு தம்பி?” என்று சந்தேகமாகப் பார்ப்பார்கள். சினிமாவிலும் காலில் கட்டுப் போட்ட கதாநாயகன் அப்படித்தானே நடக்கிறார்.

60 கிலோ எடையுள்ளவர் வலது காலில் மட்டும் நிற்கிறார். ஊன்றிய காலின் எடையைக் கழித்தால் வலது இடுப்பு மூட்டு தாங்க வேண்டியது சுமார் 50 கிலோ. அந்த எடையின் கோடு உடம்பின் நடுவில், மூட்டிலிருந்து சுமார் 10 சென்டிமீட்டர் தள்ளி இறங்குகிறது. இடுப்பு இடப்பக்கம் சரியாமல் இழுத்துப் பிடிக்கும் குளூட்டியஸ் மீடியஸ் முதலிய தசைகளுக்கோ மூட்டிலிருந்து 5 சென்டிமீட்டர்தான் தூரம். பாதித் தூரம் என்பதால் இரு மடங்கு விசை: 100 கிலோ. எடையும் தசையும் சேர்ந்து மூட்டை அழுத்துவது 150 கிலோ. ஓர் அடி எடுத்து வைப்பதற்கே உடல் எடையைப்போல் இரண்டரை மடங்கு!

இப்போது இடது கையில் கோல். அது வலது மூட்டிலிருந்து 50 சென்டிமீட்டராவது தள்ளியிருக்கும். வெறும் 5 கிலோ அழுத்தினால் போதும், தசை செய்யவேண்டிய வேலையில் பாதியைக் கோல் வாங்கிக்கொள்கிறது. தசைவிசை 50 கிலோவாக இறங்கும். மூட்டின் மீதான அழுத்தம் 95-க்கு வந்துவிடும். கோல் மூட்டிலிருந்து எதிர்ப்பக்கமாக எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே விஷயம். இவை தோராயமான எண்கள்தான். ஆளுக்கு ஆள் மாறும். கணக்கின் போக்கு மாறாது. பாட்டிக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. மாற்றிப் பிடித்து வராந்தாவில் ஒரு நடை போய்வந்தால் அவரே சொல்லிவிடுவார்.

இதே குளூட்டியஸ் மீடியஸ் தசை ஒரு பக்கம் பலவீனமானால் அந்தக் காலில் நிற்கும்போது எதிர்ப்பக்க இடுப்பு சரியும். 1895-இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் டிரெண்டலன்பர்க் விவரித்த அறிகுறி இதுதான். தசைகள் சுமையைவிடப் பலமடங்கு விசை தரவேண்டியிருக்கிறது என்பதை அதற்கும் முன்பே இத்தாலியர் போரெல்லி எழுதிவிட்டார். அவர் இறந்தபின் 1680-இல் வெளிவரத் தொடங்கிய புத்தகத்தில் எலும்புகளை நெம்புகோல்களாக வரைந்தே காட்டியிருக்கிறார்.

நர்சிங் மாணவர்கள் இந்தக் கணக்கைத் தங்கள் முதுகுக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். நோயாளியைக் கட்டிலில் நகர்த்தும்போது “முட்டியை மடக்கு, முதுகை மடக்காதே” என்று சொல்லிக்கொடுப்பார்கள். அது சரிதான், ஆனால் பாதி. முட்டியை மடக்கியும் சுமையை எட்டப் பிடித்தால் பலன் குறைவு. கீழ்முதுகிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்த 10 கிலோவுக்கு, 5 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும் முதுகுத்தசை 80 கிலோ இழுக்க வேண்டும். 20 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் 40. கட்டிலை உயர்த்துங்கள், நெருங்கி நில்லுங்கள்.

இடுப்பில் ஊசி போடும் இடத்தையும் தொட்டே படியுங்கள். மேல்-வெளிப்புறக் கால்பகுதி என்று எல்லோரும் எழுதிவிடுவார்கள். எதை நான்காகப் பிரிப்பது என்பதில்தான் கோளாறு. சதைப்பற்றான மேட்டை மட்டும் பிரித்தால் ஊசி கீழே இறங்கிவிடும். இடுப்பெலும்பின் மேல்விளிம்பைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, அதுவரை சேர்த்துப் பிரிக்க வேண்டும். கீழே போகும் சயாட்டிக் நரம்பில் ஊசி பட்டால் பாதம் தொங்கிப்போகலாம்.

டிசெக்‌ஷன் ஹாலில் பார்த்ததை அன்று மாலையே வரைந்துவிடுங்கள், அழகாக இருக்கவேண்டியதில்லை. பெயரைக் கோடு போட்டு ஓரத்தில் எழுதாமல் தசையின் மேலேயே எழுதுங்கள். 1858-இல் வெளிவந்த கிரேஸ் அனாட்டமிக்குப் படம் வரைந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர் அப்படித்தான் செய்தார். அவர் பின்னர் பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்தவர்.

கடைசியாக ஒன்று. முதலாண்டு தேர்வு முடிந்ததும் உடற்கூறியல் புத்தகங்களை ஜூனியர்களிடம் விற்றுவிடும் பழக்கம் எல்லாக் கல்லூரிகளிலும் இருக்கிறது. தயவுசெய்து விற்காதீர்கள். வார்டுக்குப் போன பிறகுதான் அவை உண்மையில் தேவைப்படும்.