படம் இடம் மாறினால்?

பெங்களூரு விவேக் நகர். வியாழக்கிழமை காலை. குழந்தை இயேசு கோயிலுக்குக் கூட்டம் வரும் நாள். பக்கத்துத் தெருவில் ஒரு கடை. அங்கே ஓர் அக்கா வேலை செய்கிறார். கம்ப்யூட்டரில் பில் போடுவது அவர் வேலை.

"மேலிருந்து மூன்றாவது படம். அதுதான் பில்." அப்படித்தான் அக்கா நினைவில் வைத்திருந்தார்.

அன்று கம்ப்யூட்டரைப் போட்டார். மூன்றாவது இடத்தில் வேறு படம்! அக்காவுக்குப் பகீர் என்றது. கணக்கு அழிந்துவிட்டதா? வேலை போய்விடுமா?

அப்புறம் யோசித்தார். "எனக்குத்தான் இப்போது படிக்கத் தெரியுமே!"

ஒவ்வொரு படத்தின் கீழும் தமிழில் பெயர் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தார். கடைசியில் இருந்தது 'பில்'. கணக்கும் பத்திரமாக இருந்தது. யாரோ படங்களை இடம் மாற்றியிருந்தார்கள். அவ்வளவுதான்.

படம் என்பது கடையின் பெயர்ப் பலகை போல. பலகையை இடம் மாற்றி மாட்டினால் உள்ளே சரக்கு மாறுமா? மாறாது.

நீங்களும் மாற்றிப் பாருங்கள்.

1. மவுஸை நகர்த்தி, அம்பைப் படத்தின் மேல் வையுங்கள்.
2. இடது பொத்தானை அழுத்திப் பிடியுங்கள்.
3. பிடித்தபடியே நகர்த்துங்கள்.
4. வேண்டிய இடத்தில் விரலை எடுங்கள்.

படம் பழைய இடத்துக்கே ஓடுகிறதா? விண்டோஸ் கம்ப்யூட்டர் என்றால், திரையின் காலி இடத்தில் வலது பொத்தானை அழுத்துங்கள். 'வியூ' என்பதைத் திறங்கள். 'ஆட்டோ அரேஞ்ச் ஐகான்ஸ்' அருகே டிக் இருக்கும். அதை அழுத்தி டிக்கை எடுங்கள்.

கவனம்! குப்பைத் தொட்டிப் படத்தின் மேல் எதையும் விடாதீர்கள்.

இடம் மாறலாம். கற்ற எழுத்து கைவிடாது.

பேசுவோம்: உங்கள் பஸ்ஸை எப்படி அடையாளம் காண்கிறீர்கள்? நிறத்தாலா, எண்ணாலா, ஊர்ப் பெயராலா?