குக்ரியும் அதன் உறையும்

கூர்க்கா வீரர்களின் இடுப்பில் தொங்கும் குக்ரியை நாம் கண்டிருக்கிறோம். அதைச் செய்வதைக் கண்டவர் சிலரே. நேபாளக் கொல்லர்கள் பெரும்பாலும் பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையைத்தான் காய்ச்சி அடிக்கிறார்கள். நுட்பமெல்லாம் தோய்ச்சலில்தான். கத்தியை முழுவதும் தண்ணீரில் முக்குவதில்லை. பழுக்கக் காய்ந்த இரும்பின் வாய்ப்பக்கம் மட்டும் கெட்டிலால் (டீக்கடைக் கெட்டிலேதான்!) நீர் ஊற்றுகிறார்கள். வாய் கடினமாகும், முதுகு அவ்வளவு இறுகாததால், விறகை ஓங்கி வெட்டினாலும் எளிதில் ஒடியாது. ஊற்றுவது பிசகினால் வாய் விரிசல் விட்டுவிடும், உழைப்பு வீண்.

உறை, இரண்டு மரத்துண்டுகளைக் குடைந்து சேர்த்து எருமைத்தோல் போர்த்தியது. பின்புறம் இரு குட்டிக் கத்திகள்: சில்லறை வேலைக்குக் கர்தா, தீட்டவும், கல்லில் தட்டித் தீப்பொறி எழுப்பவும் கூரில்லாத சக்மக்.

உருவும்போது உறையின் வாய்ப்பக்கத்தை விரல்களால் சுற்றிப் பிடிக்காதீர்கள். மரம் பிளந்திருந்தால் விரல் போய்விடும். முதுகுப் பக்கமாகவே பிடியுங்கள்.