பழைய பொருள் வாங்கி ஏமாந்தால் என்ன செய்யலாம்?



நம் கூட்டமைப்பைச் சேர்ந்த தங்கை ஒருவர், குழுவில் பதினைந்தாயிரம் கடன் எடுத்து, பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடம் பழைய பவர் தையல் மிஷின் வாங்கினார். "ரெண்டு வருஷம்தான் ஓடியிருக்கு, மோட்டாரை யாரும் தொட்டதே இல்ல" என்று சொல்லித்தான் அவர் விற்றார். பத்தே நாளில் மோட்டார் புகைந்தது. மெக்கானிக் கழற்றிப் பார்த்தால், ஏற்கெனவே ஒருமுறை காயில் கட்டிய மோட்டார்! திரும்பப் போய்க் கேட்டதற்கு, "பழசுன்னு தெரிஞ்சுதானேம்மா வாங்கினே?" என்றாராம். மிஷின் மூலையில் கிடக்கிறது, தவணை மட்டும் மாதாமாதம் வந்து நிற்கிறது.

பழசு வாங்கினால் அவ்வளவுதான், சட்டம் எதுவும் செய்யாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இது பாதிதான் உண்மை.

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, பொதுவாகப் பொருளைச் சோதித்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும், விற்பவர் குறையைச் சொல்லாமல் வாய்மூடி இருந்தது மட்டுமே மோசடி ஆகிவிடாது என்கிறது. நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை என்றால் வழக்கு நிற்பது கஷ்டம்.

ஆனால் நாம் கேட்டு, அவர் பொய் சொல்லியிருந்தால் கதையே வேறு. தெரிந்தே சொன்ன பொய் மோசடி. தானும் உண்மை என்று நம்பித் தவறாகச் சொல்லியிருந்தால் அது 'தவறான கூற்று'. இரண்டிலுமே பிரிவு 19-ன்படி, பொருளைத் திருப்பிக் கொடுத்து விற்பனையை ரத்து செய்து, பணத்தைக் கேட்கலாம். ஒன்று கவனியுங்கள். அவர் நம்பித் தவறாகச் சொன்ன விஷயம், நாம் சாதாரணமாகப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும் என்றால் அந்த உரிமை இல்லை. மோட்டாருக்குள் இருக்கும் காயில் அப்படியா? கழற்றினால்தானே தெரியும்!

நுகர்வோர் நீதிமன்றம் போகலாமே என்று கூட்டத்தில் கேட்டார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரம் செய்பவர்களுக்கு எதிரானது. வீட்டில் கிடந்த ஒரு மிஷினை விற்ற தனிநபர் அதில் வரமாட்டார். பழைய மிஷின் வாங்கி விற்கிற கடை என்றால் போகலாம். சொந்தப் பிழைப்புக்கு வாங்கியிருந்தாலும் நாம் நுகர்வோர்தான். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போக வேண்டும். தனிநபர் என்றால் சிவில் நீதிமன்றம்தான், மோசடி தெரிந்த நாளிலிருந்து 3 வருடம் அவகாசம்.

போலீஸில் சொல்லலாமா? பழைய 420-க்குப் பதில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். "இது சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்புவதும் உண்டு.

வக்கீலுக்கு எங்கே போவது என்று மலைக்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. தாலுகா கோர்ட் வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம், 15100-க்கு போன் செய்தும் கேட்கலாம். வழக்குப் போடும் முன்பே மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்த்துக்கொள்ளவும் வழி உண்டு. அங்கே ஏற்படும் முடிவு சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது.

நம் தங்கை அங்கேதான் போனார். குறை தெரிந்ததும் அவர் செய்த நல்ல காரியம், மிஷினை ரிப்பேர் செய்து ஓட்டாமல் அப்படியே வைத்தது. தெரிந்த பிறகும் ஓட்டிக்கொண்டிருந்தால், ஏற்றுக்கொண்டதாகச் சொல்லிவிடுவார்கள். மெக்கானிக்கிடம் எழுத்தில் வாங்கினார், படம் எடுத்தார், பணத்தைத் திருப்பிக் கேட்டு ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்பி ரசீதை வைத்துக்கொண்டார். விற்றவர் செல்போனில் அனுப்பிய "மோட்டார் ஒரிஜினல்" என்ற ஒரு வரியும் கை கொடுத்தது. விற்றவர் மிஷினை எடுத்துக்கொண்டு பன்னிரண்டாயிரம் திருப்பித் தந்தார். மூவாயிரம் நஷ்டம்தான். ஆனாலும் கடன் பெரும்பாலும் அடைந்தது.

அந்த ஒரு வரி இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று அவரே கேட்டார். அதனால் அடுத்த கூட்டத்தில் எல்லோரும் எழுதிப் பழக ஒரு ரசீது மாதிரி:

"இந்தத் தேதியில், இந்தப் பெயருள்ள தையல் மிஷினை, இவ்வளவு ரூபாய் பெற்றுக்கொண்டு விற்றேன். இதன் மோட்டார் ஒரிஜினல், காயில் மாற்றவில்லை, உடைந்து ஒட்டிய பாகம் எதுவும் இல்லை." கீழே விற்பவர் கையெழுத்து, விலாசம், இரண்டு சாட்சிகள்.