கள்ளாமையும் திரும்பி வரும் பொதியும்

இல்லறத்தார் ஏற்கும் ஐந்து அணுவிரதங்களுள் மூன்றாவது கள்ளாமை. அதற்குரிய ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கூறுகிறது. திருடத் தூண்டுதல், திருடிய பொருளை ஏற்றல், அரசின் விதியை மீறுதல், நிறையிலும் அளவிலும் வஞ்சித்தல், போலியை உண்மைப் பொருள்போல் காட்டிக் கொடுத்தல் என்பன அவை. இறுதியிலுள்ளதைப் 'பிரதிரூபக வியவகாரம்' என்பர். நெய்யில் கொழுப்பைக் கலக்கும் வணிகனையே இதற்கு எடுத்துக்காட்டாக நாம் சொல்லி வந்தோம். இன்று வாங்குபவரும் அவ்வாறு வஞ்சிக்கக் காண்கிறோம்.

செங்கல்பட்டில் ஓர் இல்லத்தரசி சேகரிப்பாளர் விரும்பும் பொம்மைக் கார்களை இணையவழியே விற்கிறார் எனக் கொள்வோம். அமெரிக்க மேட்டல் நிறுவனம் 1968 முதல் வெளியிடும் 'ஹாட் வீல்ஸ்' கார்களில் 'ட்ரெஷர் ஹன்ட்' என்னும் அரிய வகை 1995இல் தோன்றியது. 2007 முதல் வரும் அதன் உயர்வகையை மினுங்கும் வண்ணத்தாலும் ரப்பர் சக்கரங்களாலும் அறியலாம். சாதாரணக் காருக்கும் உருவம் ஒன்றே. விலையோ பன்மடங்கு வேறுபடும். வாங்கியவர் அரியதை வைத்துக்கொண்டு சாதாரணத்தை அதே பெட்டியில் இட்டு, 'தவறான பொருள் வந்தது' என்று திருப்பி அனுப்புகிறார். பிரதிரூபகம் என்னும் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் வேறு வேண்டுமோ?

கணக்கிட்டுப் பார்ப்போம். கொள்முதல் 900 ரூபாய், விற்பனை 1,200, அனுப்பும் செலவு 80. ஊதியம் 220. பொருள் மாற்றப்பட்டு முழுத்தொகையும் திருப்பித் தரப்பட்டால், போக வர அஞ்சற்செலவு 160 சேர்த்து நட்டம் 1,060. அதை ஈடுசெய்ய ஐந்து நேர்மையான விற்பனைகள் வேண்டும்.

பெருநிறுவனங்களும் இதற்குத் தப்பவில்லை. 2017இல் தில்லி இளைஞர் ஒருவர், வந்த பெட்டிகள் வெறுமையாக இருந்தன என்று கூறி 166 கைப்பேசிகளின் விலையாக ஏறத்தாழ 50 லட்சம் ரூபாய் பெற்றார் எனக் காவல்துறை கைது செய்தது. 2019இல் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் ஒருவர், பெட்டியில் பொருளின் எடைக்குச் சமமாக மண்ணை நிரப்பித் திருப்பியனுப்பியதாகச் செய்தி வந்தது. நான்காம் அதிசாரம் நினைவுக்கு வருகிறதல்லவா? பணத்தில் ஒரு பங்கைக் கூலியாகப் பெற்று இவ்வித்தையைப் பிறருக்குச் செய்து கொடுக்கும் கூட்டத்தின்மீது அமேசான் 2023 டிசம்பரில் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. அது முதலாம் அதிசாரம்.

நம் வீட்டுப் பிள்ளைகளும் இதனைச் 'சாமர்த்தியம்' என்று கூறக் கேட்கிறோம். பிறந்தநாளுக்கு வாங்கிய பொம்மையை ஒரு வாரம் விளையாடவிட்டுப் பின் பழுது என்று பொய்க்காரணம் எழுதித் திருப்பும் பெற்றோரிடமிருந்தே அவர்கள் அதைக் கற்கின்றனர். இதனை நாம் சற்றுக் கடுமையாகவே சொல்கிறோம். மெய்யாகவே பழுதான, போலியான, விளம்பரத்துக்கு மாறான பொருளைத் திருப்பும் உரிமை வேறு. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் அதனை உறுதி செய்கின்றன. விற்பவர் மறுத்தல் கூடாது. அவ்வுரிமையின் நிழலில்தான் வஞ்சகர் ஒளிகின்றனர்.

மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கிருந்து சிறு மாவுக்கல் உருவங்களை அனுப்புவோருக்கு ஓர் அனுகூலம் உண்டு. கையால் செதுக்கிய இரண்டு உருவங்கள் முற்றும் ஒத்திரா. கல்லின் வரிகளையும் உளித்தடங்களையும் அருகில் வைத்துப் படமெடுத்தால், உடைந்த வேறொன்றை எவரும் திருப்பித் தர இயலாது. ஆலையில் செய்த பொம்மைக்கு அவ்வடையாளம் இல்லை. அடிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத மையால் ஒரு குறி இடலாம்.

பொருளை எடையிட்டு, பெட்டியில் வைத்து, ஒட்டி, முகவரிச் சீட்டு தெரியும் வரை இடைநிறுத்தாமல் வீடியோ எடுத்தல் வேண்டும். திரும்பி வரும் பொதியையும், கூடுமானால் கொண்டு வந்தவர் முன்னிலையிலேயே, அவ்வாறே பதிவு செய்து பிரிக்க வேண்டும். பொருள் மாறியிருந்தால் விற்பனைத் தளம் குறித்த கெடுவுக்குள் புகார் தரவேண்டும். காவல்துறையையும் அணுகலாம், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு ஏமாற்றுதலைக் குற்றமாக்குகிறது. இணையவழிப் பணமோசடிக்கு உதவி எண் 1930. மாறி வந்த பொருளைச் சினத்தில் எறிந்துவிடாமல் பெட்டி, சீட்டு, ஒட்டுநாடா ஆகியவற்றுடன் வைத்திருங்கள். புகாருக்கு அதுவே முதற்சான்று.