ஒப்படைத்து விற்கும்போது எழுதிக்கொள்ளுங்கள்

கொழும்பில் ஜோர்ஜ் கீற் மன்றம் 1993இல் தொடங்கிய 'கலா பொல' ஓவியச் சந்தையில் ஓவியரே வாங்குபவரிடம் நேரடியாக விற்கிறார். 2009இல் ஆரம்பித்த சஸ்கியா பெர்னாண்டோ கலரி போன்றவை தனியார் வியாபாரம். கலரிகளில் பொதுவாக, விற்கும்வரை ஓவியம் ஓவியருக்கே சொந்தம், விற்றபின்பே பணம். கண்காட்சியும் வாடிக்கையாளரைத் தேடுவதும் கலரியின் வேலை என்பதால் விலையில் பாதிவரைகூட கமிஷன் போகும்.

மதுரங்குளியிலிருந்து நாம் தேங்காயும் கருவாடும் கமிஷன் கடைக்கு அனுப்புவதும் இதே முறைதான். வாய்ப்பேச்சை நம்பி ஒருமுறை சரக்கையும் சிநேகிதத்தையும் சேர்த்தே இழந்தேன்.

எத்தனை உருப்படி, என்ன விலை, கமிஷன் எவ்வளவு, பணம் எப்போது, சேதமானால் யார் பொறுப்பு? ஐந்தையும் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். தவணைக் கடனை எழுதிக்கொள்ளும்படி சூரா பகராவின் 282ஆவது வசனம் ஏவுகிறது. அமானிதத்துக்கும் எழுத்தே காவல்.